மண் ஒட்டிய புத்தகம்

நூலகர் அந்தப் புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிவந்து, செத்த எலியைப் போடுவதுபோல என் மேசையில் போட்டார்.

"இதை இப்படிச் சேறாக்கின ஆளு யாருன்னு பாரும்மா. கார்டைக் கேன்சல் பண்ணிடு, புத்தகத்தைப் பழைய பேப்பர்ல போட்டுடு."

சொல்லிவிட்டுத் தம் அறைக்குப் போய்விட்டார்.

மேசையில் ஏற்கெனவே ஐந்து புத்தகங்கள் இருந்தன. புதிதாகக் காய்கறித் தோட்டம் போடுகிறவர்களுக்கு உதவும் ஐந்து நூல்கள் என்று பட்டியல் அடித்து, மதியத்துக்குள் வாசல் பலகையில் ஒட்ட வேண்டும். ஐந்தையும் அவரே பொறுக்கியிருந்தார். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், ஒரு கறைகூட இருக்கக்கூடாது. அவ்வளவுதான் அவர் பார்த்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் புத்தகம், மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு ஆறு வாரம் காத்திருக்கச் சொல்கிறது. இரண்டாவதில் பன்னிரண்டு வகை மண்வெட்டி. மூன்றாவதன் அட்டையில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண்மணி கூடை நிறையத் தக்காளியோடு சிரிக்கிறார். உடுப்பில் பொட்டு மண் இல்லை. மற்ற இரண்டும் அதே லட்சணம்தான்.

நாற்பது ஐம்பது பேர் எடுத்துப் போய்த் திருப்பித் தந்த புத்தகங்கள். அத்தனை பேரில் ஒருவர்கூட விதை போட்ட கையோடு இவற்றைத் தொடவில்லை. சமையல் புத்தகத்தில் எண்ணெய்க் கறை இல்லாவிட்டால் அதைப் பார்த்து யாரும் சமைக்கவில்லை என்று அர்த்தம். பதினாறு வருடமாகப் புத்தகம் அடுக்குகிற எனக்கு இது தெரிகிறது.

ஆனால் அவரிடம் யார் வாய் திறப்பது? மொட்டை மாடியில் தோட்டம் போட்டிருக்கிறவர். காலையில்தான் ஆளுக்கொரு கத்தரிக்காயை எங்கள் மேசைகளில் வைத்து, நம்ம வீட்டில் விளைந்தது என்று சொல்லிக்கொண்டு போனார். என்னுடையது கீபோர்டு பக்கத்தில் பளபளவென்று கிடந்தது. உங்களுக்கு நல்ல கைராசி சார் என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள் நான்தான்.

பழைய பேப்பரில் போடுவதற்கு முன் அந்தச் சேற்றுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன்.

ஒல்லியான புத்தகம். கோட்டுப் படங்கள்தான். முதல் அத்தியாயமே 'ஏன் முளைக்கவில்லை?' தினமும் தோண்டிப் பார்க்காதீர்கள் என்ற வரியின்மேல் மண்ணில் ஒரு பெருவிரல் ரேகை. மாவுப்பூச்சிப் பக்கத்தில் ஐந்து விரலும் இருந்தன. இடையில் ஓட்டை விழுந்த கத்தரி இலை ஒன்று காய்ந்து கிடந்தது.

கத்தரிக்காய்ப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் பொடிப்பொடியாக எழுதியிருந்தது. நூலகப் புத்தகத்தில் எழுதுவது தப்புதான். ஆனாலும் படித்தேன்.

முதல் தடவை: முளைக்கவில்லை.

இரண்டாம் தடவை: முளைத்தது. எறும்பு.

மூன்றாம் தடவை: பூத்தது. எல்லாம் உதிர்ந்தது.

அதற்குக் கீழே நேற்றைய தேதி. ஏழு காய். ஏழும் ஆபீசுக்கு.

என் கோபம் அப்படியே இடம் மாறியது. எறும்போடும் பூச்சியோடும் மல்லுக்கட்டி, நாலாவது தடவையில் ஏழே ஏழு காய் பார்த்திருக்கிறாள் யாரோ ஒரு மகராசி. ஒன்றைக்கூட வாயில் வைத்துப் பார்க்கவில்லை. எந்த ஆபீஸோ தெரியவில்லை. எங்கிருந்து வந்தது, யார் பாடுபட்டது என்று ஒரு வார்த்தை கேட்காமல் வெட்கமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டிருப்பார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு புத்தகத்தின் எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்தேன்.

பதினொரு தடவை வெளியே போயிருக்கிறது. பதினொரு தடவையும் ஒரே கார்டு. முகவரி, நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பு. தொலைபேசி எண்ணைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அது எனக்கு மனப்பாடம். கண்ணாடியை மறந்துவிட்டார், சாவியை மறந்துவிட்டார் என்று வாரத்துக்கு இரண்டு தடவை நான் கூப்பிடுகிற எண். எடுத்துப் பேசுவது நூலகரின் மனைவி.

பதினொரு தடவை அவர் வீட்டுக்கே போய்வந்த புத்தகம். அதைத்தான் இரண்டு விரலால் தூக்கிவந்து, யார் செய்த வேலை என்று கேட்டார்.

அவரை விட்டுவிட்டு எண்ணினால் இந்த நூலகத்தில் நாங்கள் ஏழு பேர்.

கீபோர்டு பக்கத்தில் கிடந்த கத்தரிக்காயை என்னால் பார்க்க முடியவில்லை.

பட்டியலில் மண்வெட்டிப் புத்தகத்தை நீக்கிவிட்டு, ஒல்லிப் புத்தகத்தை முதலில் போட்டேன். பட்டியலை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். தலை நிமிராமல், கார்டு விஷயம் முடிந்ததா என்று கேட்டார்.

"யாருன்னு பாத்துட்டேன் சார். கேன்சல் பண்றதுக்கு முன்னாடி, வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு வாங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பட்டியலில் கையெழுத்து மட்டும் போட்டார்.

பிறகு ஒவ்வொரு மேசையாகப் போய்க் கத்தரிக்காயைத் திருப்பிக் கேட்டேன். பைத்தியமா என்பதுபோல் பார்த்தவர்களிடம் பென்சில் எழுத்தைக் காட்டினேன். ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். பையில் போட்டு வைத்திருந்தவர்கூட எடுத்துக் கொடுத்தார்.

நூலகருடைய சாப்பாட்டுப் பை அவர் அறை வாசலில் மாட்டியிருந்தது. ஏழையும் அதில் போட்டேன். மேலே புத்தகத்தை வைத்தேன், அதே கார்டில் பன்னிரண்டாவது தடவையாகப் பதிந்துவிட்டு.