எட்டு நிமிடப் படம்

ஷைனி எடுத்த மூன்று அனிமேஷன் குறும்படங்களையும் நின்றபடியே பார்த்துவிட்டு, "இதுல நெச ஆளுங்க எப்ப வருவாங்க?" என்று கேட்டவர் அவள் அப்பா தானியேல். நாலாவது, கண்ணை முழுக்க மூடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் பார்க்கும் வி.ஆர். படம். எட்டே நிமிடம். அவர் முகத்தில் கண்ணாடியை மாட்டிவிட்டபோது அவளுக்கே நம்பிக்கை இல்லை.

அந்த நேரம் பார்த்து வேப்பம்பட்டிலிருந்து சாலமோன் மாமா வந்து இறங்கினார்.

"கும்மிடிப்பூண்டி கம்பெனில ஷைனிக்கு ஆபீஸ் வேலை சொல்லி வச்சிக்கீறேன். பொம்மைய வச்சினு எத்தினி நாளு ஓட்டுவா? மச்சான் ஒரு வார்த்த சொல்லட்டும், நாளைக்கே சேத்துடுறேன்."

"அவரு படம் பாத்துனுகீறாருண்ணே," என்றாள் அம்மா ஹெலன்.

தானியேல் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். "யப்பா!" என்று நாற்காலியோடு துள்ளினார். கையை நீட்டிச் சுவரைத் தடவினார். எட்டு நிமிடம் இருபதாகி, ஒரு மணி நேரமும் ஆனது. திரும்பத் திரும்பப் பார்க்கிறார்! ஷைனிக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாவது டீயைக் குடித்துவிட்டு மாமா எழுந்தார். "இந்த மன்சனையே இப்டி உக்கார வச்சிட்டாளே! வேலையும் வாணாம், ஒண்ணியும் வாணாம். அவ படமே எடுக்கட்டும்."

அவர் போனதும் ஷைனி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே ஒரே இருட்டு.

"அப்பா, இதுல சார்ஜே இல்லியே! எப்ப போச்சி?"

"ரெண்டாவது நிமிஷமே பூட்ச்சி. சொல்லலாம்னு வாய தொறந்தேன், உங்க மாமன் குரல் கேட்டுச்சி."

தானியேல் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"கிறிஸ்மஸுக்கு மறுபடி வருவான். அதுக்குள்ள இன்னொண்ணு எடுத்துடு. கொஞ்சம் நீளமா எடு. எட்டு நிமிஷத்த வச்சினு ஒரு மணி நேரம் நடிக்கிறதுக்குள்ள கழுத்து சுளுக்கிக்கிச்சி!"