முடி கொட்டாத நாய்

“நாய்க்கு நாக்கு எங்க?” என்றாள் தெரேசா.

ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்த நோபர்ட் நிமிர்ந்து பார்த்தான். மறந்தே போயிருந்தது. மனைவி தெரேசாவின் தையல் பெட்டியைக் குடைந்து சிவப்பு ரிப்பனில் ஒரு துண்டு வெட்டி, பொம்மையின் வாய்க்குள் வைத்துத் தைத்தான்.

மகள் ரொஷானியின் பாலர் பாடசாலையில் வினோத உடைப் போட்டி. மிருக வைத்தியர் வேஷம். வெள்ளைக் கோட்டு தயார். கையில் ஒரு பிராணியும் வேண்டும். கடைப் பொம்மை கொண்டுவந்தால் புள்ளி இல்லை, வீட்டில் செய்ததாக இருக்க வேண்டும் என்று பிரவீனா மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ரொஷானி நாய்தான் கேட்டாள். அதுவும் சூட்டி மாதிரியே.

சூட்டி அவர்கள் வீட்டு நாய். போன மாதம் ஓடிப்போய்விட்டதாகப் பேச்சு. அன்றிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. பின்னேரமானால் கேட்டருகே நின்று “சூட்டி, சூட்டி” என்று கூப்பிடுவாள். அலுவிகாரை ஊரில் உள்ள மற்ற நாய்களெல்லாம் வரும்.

பெற்ற மனம் கேட்குமா? நோபர்ட் ஒரு மசாலாத் தோட்டத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஏலம், கறுவா பற்றி விளக்கம் சொல்கிறவன். வாய் கெட்டிக்காரன் என்பது ஊரறிந்தது. கையும் கெட்டிக்காரக் கை என்பது இப்போதுதான் தெரிந்தது. பழைய பழுப்புத் துவாய் உடம்பாயிற்று. பிஸ்கட் பெட்டி மட்டையை மடித்து வாய். சட்டைப் பொத்தான் இரண்டு கண்களாயின. கையை உள்ளே விட்டு அசைத்தால் வாய் திறந்து மூடும். சூட்டிக்கு இடது காது மடங்கியிருக்கும் என்பதால் பொம்மைக்கும் மடக்கியே தைத்தான்.

பக்கத்து வீட்டு விதுஷா வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள்.

“எவ்வளவு பாசமான மனுசன்! எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, ஒரு பொத்தான் தைக்கத் தெரியாது.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “சூட்டிய யாராச்சும் புடிச்சிட்டுப் போயி பன்சலைல, அந்த புத்த கோயில்ல, விட்டுருப்பாங்களோ? வேணாத நாயெல்லாம் அங்கதானே கொண்டுபோய்ப் போடுறாங்க. பிக்கு ஹாமதுரு சோறு வைப்பாருன்னு ஒரு சாக்கு.”

“சீ, அப்படியும் மனுசன் இருப்பானா?” என்றான் நோபர்ட். “பெத்த புள்ளைய ரோட்டுல விடுற மாதிரி இல்ல அது?”

தெரேசா பொம்மையைத் தடவிப் பார்த்தாள்.

“பேசாம இதையே வளத்துருவோம். முடி கொட்டாது, கொரைக்காது, புது டைல்ஸ நாசமாக்காது.”

ரொஷானி மட்டும் தள்ளி நின்று பார்த்தாள். “சூட்டி மாதிரித்தான் இருக்கு. ஆனா சூட்டி இல்ல.”

நோபர்ட்டுக்குச் சுருக்கென்றது. எழுந்து உள்ளே போனான். அலுமாரியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. வரும்போது கையில் மணி கோத்த சிவப்புக் கழுத்துப் பட்டி. சூட்டியின் பட்டி. பொம்மையின் கழுத்தில் அதைக் கட்டிவிட்டான்.

மணிச் சத்தம் கேட்டதும் ரொஷானி ஓடிவந்து பொம்மையைக் கட்டிக்கொண்டு அழுதாள். விதுஷாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் டிலக்சனின் த்ரீவீலில் கிளம்பினார்கள். வீட்டில் எந்தப் பயணம் என்றாலும் அவன் வண்டிதான்.

“எப்படி தம்பி நம்ம நாய்?” என்று கேட்டான் நோபர்ட்.

டிலக்சன் கண்ணாடியில் பொம்மையைப் பார்த்தான். பட்டியைப் பார்த்தான். “ம்” என்றான். வழி நெடுகப் பேசிக்கொண்டே வருகிறவன் அன்று ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

மேடையில் முயல் வந்தது, கிளி வந்தது, பிள்ளையையே மறைக்கும் அளவுக்கு ஒரு யானையும் வந்தது. ரொஷானியின் முறை. பொம்மை வாயைத் திறந்து மூட, அப்பா எழுதிக் கொடுத்ததைப் பிசகாமல் சொன்னாள்.

“வாயில்லாத ஜீவன்களை நேசியுங்கள். அவற்றுக்கும் நம்மைப் போல மனசு உண்டு.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முதலாம் பரிசு. பிரவீனா மிஸ் நோபர்ட்டையும் மேடைக்கு அழைத்தார்.

“ஓடிப்போன நாய்க்காக அழுத பிள்ளையை இவர் எப்படித் தேற்றியிருக்கிறார் பாருங்கள். இப்படி ஓர் அப்பா எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும்.”

நோபர்ட் நெஞ்சில் கை வைத்தான். “அதுவும் எங்க குடும்பத்துல ஒரு ஆள்தானே மிஸ்” என்றான்.

திரும்பும்போது பரிசுக் கப் தெரேசாவின் மடியில் இருந்தது. ரொஷானி பொம்மையின் மணியை ஆட்டிக்கொண்டே வந்தாள். திடீரென்று நிறுத்தினாள்.

“அப்பா, சூட்டி ஓடிப்போறப்ப பட்டியக் கழட்டி வச்சிட்டுத்தானா போச்சு?”

தெரேசா வெளியே பார்க்க ஆரம்பித்தாள். நோபர்ட் மடியிலிருந்த கப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அதுக்குக் கழட்டத் தெரியாதேப்பா” என்றாள் ரொஷானி.

விளக்கம் சொல்லியே பிழைக்கிறவன் கப்பில் எழுதியிருந்ததை வாசிக்கத் தொடங்கினான்.

வீட்டுக்குத் திரும்பும் சந்தி வந்தது. டிலக்சன் வண்டியைத் திருப்பாமல் ஓரமாக நிறுத்தினான்.

“அண்ணே, நேரா பல்லேபொலக்கே போயிருவோமா? அன்னைக்கி நாம எறக்கி விட்ட அதே பன்சல வாசல்லதான் இன்னும் படுத்திருக்கு. அந்தப் பக்கம் எப்பப் போனாலும், என் வண்டிச் சத்தம் கேட்டதும் எந்திரிச்சு ஓடி வருது.”