பழைய உலைக்கு ஆறு வருட விலக்கு

“முதல்ல உங்க நுரையீரல் எக்ஸ்ரேயைக் காட்டுங்க. அப்புறம் விலக்கைப் பத்திப் பேசலாம்.”

கிங்கா சொன்னதும் பக்கத்தில் இருந்த யோரிஸ் பேனாவைக் கீழே வைத்தார். அவளுடைய மேலதிகாரி. கூட்டத்துக்கு முன்பே இரண்டு தடவை எச்சரித்திருந்தார்: எது வேண்டுமானாலும் கேள், யாருடைய மருத்துவச் சீட்டையும் மட்டும் கேட்காதே.

“மன்னிக்கணும், இதுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டியதில்லை,” என்றார் எதிரே இருந்தவரிடம்.

எதிரே போகுமிலா. ரூட்னோ எஃகு ஆலையில் முப்பது வருடமாகக் கிரேன் ஓட்டும் பெண். தொழிற்சங்கம் அனுப்பி, பதினெட்டு மணி நேரம் பஸ்ஸில் பிரஸ்ஸல்ஸுக்கு வந்திருக்கிறார். ஐரோப்பா முழுக்க வரப்போகும் புகை வரம்பிலிருந்து பழைய உலைகளுக்கு இன்னும் ஆறு வருடம் விலக்கு வேண்டும். அந்த விதியை எழுதும் அதிகாரி கிங்கா; வரைவு அவள் கையில் இருந்தது.

“எக்ஸ்ரே கிடக்கட்டும், மேடம்,” என்றார் போகுமிலா. “எங்க உலையை மூடுங்க. அதே எஃகு, ஒரு விதியும் இல்லாத தேசத்துலேர்ந்து கப்பல்ல வரும். விலையும் மலிவு. புகை அங்கே போகும், எங்க ரொட்டியும் கூடவே போகும். உங்க காகிதத்துல மட்டும் காத்து சுத்தமாயிடும்.”

“நியாயமான பேச்சு,” என்றார் யோரிஸ்.

கிங்கா விடவில்லை. “பழைய விதிக்கே மூணு தடவை விலக்கு வாங்கியாச்சு. மூணு தடவையும் புகைக்கு வடிகட்டி போடறேன்னு உங்க முதலாளி கையெழுத்துப் போட்டார். எங்கே அது? இன்னும் துணியை வீட்டுக்குள்ளதானே காயப்போடறீங்க? வெளியே போட்டா கரி படியுது.”

“அடேயப்பா, அறிக்கையைக் கரைச்சுக் குடிச்சிருக்கியே!” என்றார் யோரிஸ்.

போகுமிலா சிரித்தார். “படிக்கறதுக்கு என்ன? எங்க ஊர்லயும் படிச்ச பிள்ளைங்க இருக்கு. அந்த உலைச் சம்பளத்துல பட்டம் வாங்கிட்டு, முதல் வேலையா அந்தச் சிம்னியைத்தான் குத்தம் சொல்லுதுங்க.”

“பின்னே? கும்பிடச் சொல்றீங்களா?”

“திட்டறவங்க ஊர்ப் பக்கம் ஒரு எட்டு வந்து பார்த்துட்டுத் திட்டலாமில்ல?”

“வந்தா கதவைத் திறப்பீங்களா?”

போகுமிலா மேஜை மேலிருந்த கைப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ஆலைக் கதவா? ஆய்வுன்னு போனா திறந்துதானே ஆகணும்,” என்றார் யோரிஸ்.

அப்போதுதான் போகுமிலாவுக்கு இருமல் வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது, நிற்கவேயில்லை. கிங்கா மேஜையைச் சுற்றி ஓடி வந்து தண்ணீரை நீட்டினாள்.

“எப்போலேர்ந்து?”

“போன குளிர்காலத்துலேர்ந்து.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“கிரேனை விட்டு இறங்கச் சொன்னார்.”

“இறங்கினீங்களா?”

“இறங்கி எங்கே போறது, மேடம்? ஊர்ல வேற என்ன இருக்கு?”

கிங்கா அந்தக் கரடுமுரடான விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வரைவுக் கோப்பை யோரிஸ் பக்கம் தள்ளினாள்.

“இதை இனிமே வேற யாராவது எழுதட்டும், யோரிஸ். கோப்பு மேலேயே ஒரு படிவம் இருக்கு.”

“கிங்கா! கூட்டம் இன்னும் முடியல!”

அவள் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

படிவத்தில் நேற்றைய தேதி. ‘இந்தக் கோப்பில் சம்பந்தப்பட்ட உறவினர் எவரேனும் உண்டா?’ என்ற கேள்விக்குக் கீழே அவள் எழுதியிருந்ததை யோரிஸ் வாய்விட்டே படித்தார்:

“உண்டு. என் தாய், போகுமிலா. மூன்று வருடமாக என் போனை எடுப்பதில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க, நாளைய கூட்டத்தை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.”