சுவரெல்லாம் நரகம்

"ஏட்டி ஜினிஷா, அந்த நரகத்தை எல்லாம் கழத்தி மாத்துட்டி. பெண்ணு பாக்க வாறவிய முற்றத்துக்கு வந்துட்டா என்ன செய்வ?"

சத்தியபாய் போட்ட சத்தத்தில், பக்கத்துச் சிதறால் மலையில் ஆயிரம் வருஷமாகப் பாறையில் கண்மூடி இருக்கும் சமணத் தீர்த்தங்கரர்கள்கூட ஒரு கண்ணைத் திறந்து கீழே எட்டிப் பார்த்திருப்பார்கள்.

"கழத்துனா வரிசை தெத்திப்போவும்மா. எந்தப் படத்துக்குப் பக்கத்துல எதுன்னு பாத்துப் பாத்துத்தான் எழுதுதேன்" என்றாள் ஜினிஷா.

கலை வரலாற்றில் ஆராய்ச்சி மாணவி அவள். இடைக்கால ஐரோப்பாக்காரர்களும் சாமுராய் காலத்து ஜப்பான்காரர்களும் நரகத்தை எப்படி வரைந்தார்கள் என்பதுதான் தலைப்பு. முன்னறையில் ஒரு பல்லி ஒட்டிக்கொள்ளக்கூட இடம் கிடையாது. இந்தச் சுவரில், மலை மாதிரி ஒரு மிருகத்தின் வாய்க்குள் ராஜாக்களும் பிஷப்புகளும் திருவிழாக் கூட்டமாக நுழைந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சுவரில் ஜப்பான் பூதங்கள் மனிதர்களை உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தன.

"பிஷப்பையே கொண்டு நரகத்துல போட்டிருக்கு. நம்ம சபை பாஸ்டர் ஐயர் கண்டா ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல ஏத்துவாரா?" என்றார் அப்பா நேசையன்.

"நான் போடலப்பா. அறுநூறு வருஷத்துக்கு முந்தி அவனுவளே போட்டது."

"அவனுவளுக்குக் கெட்டிக்குடுக்கப் பெண்ணு இருந்திருக்காது."

நேசையனின் கவலை நியாயமானது. இதற்கு முன் வந்த இரண்டு வீட்டாரும் 'போய்ச் சொல்லுதோம்' என்று கிளம்பியவர்கள்தான். இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இன்றைக்கு வருகிறவர் கோட்டாற்றில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஞானையன். மகன் துபாயில். இது முடிவானால் கிறிஸ்துமஸ் லீவில் கல்யாணம், மறுவாரமே விமானம்.

ஜினிஷாவின் ஆராய்ச்சியோ பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தது. "அங்க போய் இருந்து எழுதினா பேனா எழுதாதோ?" என்பார் நேசையன். அப்படிச் சொல்லிக் கெட்டிக்கொடுத்த மூத்தவள் பிளஸ்ஸி, பாதி எழுதிய ஆய்வேட்டின் மேல்தான் மஸ்கட்டில் இப்போது குக்கரை இறக்கி வைக்கிறாள்.

கார் வந்து நின்றது. ஞானையனும் அவர் மனைவி நேசமணியும் இறங்கினார்கள். சத்தியபாய் பூவாக மலர்ந்து ஓடினாள்.

"அண்ணன் இந்தக் கசேரயில இருங்க. இங்கதான் காத்து நல்லா வரும்."

ஞானையன் நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக்கு நேரே ஜப்பான் நரகம்.

"இதென்னதும்மா?"

"அதைப் பாக்காதீங்க அண்ணே. பிள்ள படிக்கிற படம். முந்திரிக்கொத்து எடுங்க" என்று பதறினாள் சத்தியபாய்.

வேண்டாம் என்றால் அதைத்தான் செய்வது ஏதேன் தோட்டத்திலிருந்தே மனுஷ வழக்கம். ஞானையன் கழுத்தை ஒரு முழம் நீட்டிப் பார்த்தார்.

"இவனுவ என்னத்தை அள்ளுதானுவ?"

"இரும்புக் கங்கு, அங்கிள். வெறுங்கையால அள்ளி அள்ளிப் படியில அளந்துக்கிட்டே இருக்கணும்" என்றாள் ஜினிஷா.

"அப்படி என்ன குத்தம் செஞ்சானுவ?"

"வியாபாரிங்க. அளவுல கள்ளம் காட்டுனவங்க."

ஞானையன் கையிலிருந்த முந்திரிக்கொத்து வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

"அது ஜப்பான் விசயம். அங்க வேற சாமி" என்றார்.

"ஐரோப்பாவுலயும் உண்டு அங்கிள். பொறத்தால பாருங்க."

திரும்பினார். கள்ள அளவில் பீர் விற்ற ஒரு கடைக்காரியைச் சாத்தான் தூக்கிக்கொண்டு போனான். அவள் கையில் அந்த அளவுக் குவளையும் இருந்தது.

"இது சர்ச்சுச் சுவர்ல வரைஞ்சது" என்றாள் ஜினிஷா பணிவாக.

இதற்குள் நேசமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜப்பான் படத்தில் மூக்கை ஒட்டியிருந்தாள். "ஏங்க, இந்தப் படியைப் பாருங்களேன். நம்ம பழைய கடையில கெடந்தது கணக்கா இல்லியா? அதுக்கும் அடிப்பலகை கொஞ்சம் மேல ஏறித்தானே இருக்கும்?"

ஞானையனுக்கு ஊற்றிய வியர்வையில் நாலு ஏக்கர் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கலாம்.

"எந்திரி, போவோம்."

"சாயா குடிக்கலியே அண்ணே" என்று கையைப் பிசைந்தாள் சத்தியபாய்.

"இருக்கட்டும். பையனுக்கு லீவு கிடைக்குமோ என்னவோ. நாங்க போய்ச் சொல்லுதோம்."

கார் கிளம்பிய வேகத்தில் முற்றத்துக் கோழிகள் மூன்று தென்னை உயரம் பறந்தன. நேசையன் செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினார்.

முன்னறையில் தாயும் மகளும் மட்டும். சத்தியபாய் இடுப்பில் கையை வைத்து மகளை ஏற இறங்கப் பார்த்தாள். ஜன்னலுக்குப் போனாள். வளைவில் காரும் கணவரும் மறைந்ததும் கதவைச் சாத்திவிட்டு வந்து, தட்டிலிருந்த பெரிய முந்திரிக்கொத்தாக ஒன்றை எடுத்து மகள் வாயில் திணித்தாள்.

"நீ முதல்ல படிச்சு முடி, பொறவு நானே மாப்பிள பாக்கேன்" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "வாற ஞாயித்துக்கிழமை வக்கீல் குடும்பமாம். அப்பா வாறதுக்குள்ள இந்த வியாபாரியளைக் கழத்திட்டு, அந்த எடத்துல வக்கீலுக்கு உள்ள நரகத்தை ஒட்டு மக்ளே."