மலையில் மிச்சம்

“போன வருஷம், இன்னும் இருபது வருஷம் தாங்கும்னு சொன்னது நீங்கதானே மேடம்? ஒரே வருஷத்துல அது எப்படி எட்டு ஆச்சு? மலை என்ன, வெயில்ல உருகிடுச்சா?”

எர்மெக் உட்காராமலே கேட்டான். அக்-புலுங் தங்கச் சுரங்கத்தின் தொழிலாளர் சங்கச் செயலாளர் அவன். முப்பது வயதுகூட இருக்காது. கூட வந்திருந்த ஜுமாபாய் அதே சுரங்கத்தில் லாரி ஓட்டுபவர், மூத்தவர். கம்பளித் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் இருந்த தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். விடியுமுன் கிளம்பிப் பனியில் ஊர்ந்து, இருவரும் அப்போதுதான் தலைநகர் பிஷ்கெக் வந்து சேர்ந்திருந்தார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் துர்சுனாய். நாட்டின் கனிம வளத்தை வருடா வருடம் அளந்து சொல்லும் பிரிவுக்குத் தலைவி. ஆண்டுத் தொடக்கத்தில் மண்ணுக்கடியில் எவ்வளவு இருந்தது, தோண்டி எடுத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, அது எத்தனை வருஷத்துக்குத் தாங்கும்? அவள் அறையிலிருந்து போகும் பதிலை வைத்துத்தான் அரசாங்கம் திட்டம் போடும், வங்கி கடன் கொடுக்கும். இந்த வருடத்துப் பதில் அன்று மதியம் வெளியாக வேண்டும்.

“சோவியத் காலத்துல யாரோ சொன்ன அளவு அது” என்றாள் துர்சுனாய். “அதுலேர்ந்துதான் வருஷா வருஷம் கழிச்சுக்கிட்டு வந்தோம். போன கோடையில நானே அங்க வந்து துளை போட்டுப் பார்க்கச் சொன்னேன். அடியில வெறும் பாறை. கொஞ்சநஞ்சம் இருக்கிற தங்கத்தையும் வெளிய எடுக்கிற செலவு, அதோட விலையைத் தாண்டிடும்.”

“துளை போட்டவனே எங்க ஆளுதான். எங்களுக்கும் தெரியும். அதை ஊர் பூரா தண்டோரா போடணுமா?”

ஜுமாபாய் மெல்லக் குறுக்கிட்டார். “தங்கச்சி, எங்க பசங்க இப்பத்தான் சொந்தமா வீடு வாங்கலாம்னு பேங்க்ல மனு போட்டிருக்காங்க. இருபது வருஷத் தவணை. உங்க எட்டு வெளிய வந்துச்சுன்னா அத்தனையும் திரும்பி வந்துடும்.”

“அதுக்காகத்தான் சொல்றேன், அண்ணே. சம்பளம் எட்டு வருஷம், தவணை இருபது வருஷம். மிச்சத்தை எதை வித்துக் கட்டுவாங்க?”

“அதுக்குள்ள பக்கத்து மலையில ஏதாவது கிடைக்கும்” என்றான் எர்மெக்.

“கிடைக்கட்டும். அன்னைக்கே கூட்டி எழுதறேன். கிடைக்காததை எப்படி எழுதறது?”

“நல்லாப் பேசறீங்க. ஹீட்டர் போட்ட ரூம்ல உட்கார்ந்தா யார்தான் நல்லாப் பேச மாட்டாங்க?”

அப்போது தொலைபேசி அடித்தது. மேலதிகாரி. நௌரூஸ் பண்டிகை முடியட்டுமே, இப்போது என்ன அவசரம் என்று அவர் கேட்பது எதிரில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

“இல்ல சார், இன்னைக்கே போகுது” என்றாள் துர்சுனாய். “வேண்டாம்னா என்னை மாத்திடுங்க. வேற யாராவது இருபதுன்னு கையெழுத்துப் போடட்டும். நான் போட மாட்டேன்.”

வைத்துவிட்டு எர்மெக்கைப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

“கம்பெனியோட ஒப்பந்தத்தை நீங்க படிச்சிருப்பீங்க. மிச்சம் பத்து வருஷத்துக்குக் கீழ போனாத்தான் அவங்க உங்க ஊருக்குன்னு தனியாப் பணம் ஒதுக்கணும். புதுத் தொழில், பசங்களுக்குப் பயிற்சி எல்லாம் அதுலதான். நான் இருபதுன்னு எழுதற வரைக்கும் அவங்க ஒரு சோம் காசுகூட எடுத்து வைக்க வேண்டியதில்ல.”

எர்மெக் முதல் முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“அப்போ இருபதுன்னு சொல்லிக்கிட்டிருந்தா யாருக்கு லாபம்?” என்றார் ஜுமாபாய், தன்னையே கேட்டுக்கொள்வதுபோல. பிறகு பெருமூச்சு விட்டார். “நியாயம் புரியுது, தங்கச்சி. ஆனா இன்னைக்கு அடி விழறது பசங்க மேல. உங்களுக்கு வேண்டிய ஒருத்தன் அங்க சுரங்கத்துல இறங்கிட்டிருந்தா, உங்களுக்கும் கை கொஞ்சம் நடுங்கியிருக்கும்.”

துர்சுனாய் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். “ஆறிப்போகுது, குடிங்க. திரும்பிப் போற பாதையில இன்னும் பனி கொட்டும்.”

அவர் ஒரே மடக்கில் குடித்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு, “வண்டியைச் சூடாக்கி வைக்கிறேன், தம்பி. சீக்கிரம் வா” என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

எர்மெக் எழுந்து கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“பேங்க்லேர்ந்து திரும்பி வரப்போற முதல் மனு என்னோடதுதான். தெரியுமில்ல?”

“தெரியும்” என்றாள். கணினியில் அந்தக் கணக்கைக் கடைசியாக ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு அனுப்பினாள்.

அவன் அதைப் பார்த்தான். நடைவழியில் ஜுமாபாயின் காலடிச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தான்.

“ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்கு நீயே வந்து சொல்லிடு” என்றான். “‘என் பிள்ளைக்கு வீடு கிடைக்கல, கல்யாணத்தைத் தள்ளி வைங்க’ன்னு. என்னால சொல்ல முடியாதும்மா.”