சம்பந்தியின் மாத்திரை

"மாமா, ஆறு மணியாச்சு. மாத்திரையைப் போட்டுட்டு வேற சோலியைப் பாருங்க!"

அடுக்களையிலிருந்து மதுமதியின் குரல் வந்தது. அவள் கூப்பிட்டது மாமனார் பாபநாசத்தை. அதே கூடத்தில், அதே மின்விசிறிக்குக் கீழே, அவளைப் பெற்ற அப்பா கொம்பையாவும் உட்கார்ந்திருந்தார்.

முதுகு நாற்காலியில் படாமல் உட்காருவது கொம்பையாவின் வழக்கம். பெண் கொடுத்த வீட்டில் சாய்ந்து உட்கார்ந்தால் குடும்பத்துக்கு மதிப்பில்லை என்பது அவர் கட்சி.

"இந்தா போடுதேன் தாயி" என்றார் பாபநாசம்.

"கொடுத்து வச்ச ஆளுவே நீரு. வேளா வேளைக்குக் கேக்க ஆள் இருக்கு" என்றார் கொம்பையா.

"உம்ம மகதானவே சம்பந்தி! நீரு வளத்த வளப்பு அப்படி."

வளர்த்தவனை மட்டும் கேட்க மாட்டாளாக்கும் என்று கொம்பையா மனசுக்குள் கறுவிக்கொண்டார். வெளியே சொல்வாரா? தலை போனாலும் சொல்ல மாட்டார்.

போன சித்திரையில்தான் அவருக்கு இந்த நோவு தெரிந்தது. நாடி தாறுமாறாக ஓடியது. டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார்: "உங்க இதயத்தோட மேலறை ஒழுங்காச் சுருங்காம நடுங்குது. அங்கன ரத்தம் தேங்கி உறைஞ்சு, அந்தக் கட்டி மூளைக்குப் போச்சுன்னா ஒரு பக்கம் கைகால் விழுந்துரும். உறையாம இருக்க தினமும் மாத்திரை, மாசாமாசம் ரத்தப் பரிசோதனை. ஒழுங்கா இருந்தா நீங்க பாட்டுக்கு நெடுநாள் நல்லா இருக்கலாம். ஆனா ஆயுசு பூரா விடக் கூடாது."

அந்த 'ஆயுசு பூரா'தான் கொம்பையாவைச் சுட்டது. படபடப்பு அடங்கியதும் மாத்திரை அட்டைகளைக் குறுக்குத்துறையில் ஆற்றோடு விட்டுவிட்டு வந்தார். "எங்க வம்சத்துல மாத்திரையில உசிரை ஓட்டுனவன் எவனும் கிடையாது!"

மதுமதி அழுதாள், சண்டை போட்டாள், சாப்பிடாமல் கிடந்தாள். அவர் அசையவில்லை.

அந்த மாசமே பாபநாசத்துக்கும் அதே நோவு வந்துவிட்டது.

நோவில்கூடவா ஒரு மனுசன் போட்டிக்கு வருவான்? அதோடு மதுமதி அப்பாவை நச்சரிப்பதை விட்டுவிட்டாள். போனை எடுத்தால் மாமா புராணம்தான். "மாமா ரொம்ப ஒழுங்குப்பா. மாத்திரையைக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போடுதாங்க. கீரையைக் கண்டபடி தின்னா மருந்து தடுமாறும்னு முருங்கைக்கீரையவே விட்டுட்டாங்கன்னா பாத்துக்கிடுங்க."

முருங்கைக்கீரைக்காக வயலையே எழுதிக் கேட்டாலும் கொடுத்துவிடுகிற ஆள் பாபநாசம். அவரே விட்டுவிட்டாராமே! அன்று ராத்திரி கொம்பையா தூங்கவில்லை. விடிந்ததும் டாக்டர் முன்னால் போய் நின்றார். அதிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. பரிசோதனைக்குப் பாளையங்கோட்டை வரும்போதெல்லாம் மகள் வீட்டுக்கும் வந்துவிடுவார், அவள் வாயால் ஒரு வார்த்தை கேட்க.

இன்றும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எம்மா! என் ரத்தம் சரியான அளவுல நிக்குதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இப்படியே இருங்கன்னாரு."

மதுமதி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "சந்தோசம்ப்பா. மாமாவுக்குப் போன வாரமே அப்படித்தான் சொன்னாரு."

கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பாபநாசம் ஏழு அறை வைத்த மாத்திரை டப்பாவை எடுத்தார். வெள்ளையாக ஒன்றை வாயில் போட்டு, மடக்கென்று தண்ணீரைக் குடித்தார்.

"என்னவே இது, சட்டைப் பித்தான் தண்டிக்கு இருக்கு? எனக்கு மிளகு தண்டிதான தாராவ?"

"அது என் உடம்பு வாகுக்கு எழுதுனதுவே."

"பேரு என்ன?"

"பேரெல்லாம் எவன் கண்டான்? மருமக வாங்கியாரா, நான் முழுங்குதேன்." டப்பாவைச் சட்டென்று மூடினார்.

அப்படியானால் ஒசத்தி மருந்துதான். மாமனாருக்கு ஒசத்தி, அப்பனுக்கு மட்டம்! நாளைக்கு அப்பன் கைகால் விழுந்து கிடந்தாலும் கேட்க நாதியில்லை. கொம்பையாவின் கண் கலங்கியது. யாரும் பார்க்கும்முன் துண்டால் துடைத்துக்கொண்டார்.

வாசலில் யாரோ, "அண்ணாச்சி!" என்று கூப்பிட, பாபநாசம் எழுந்து போனார்.

அடுத்தவன் பொருளைத் தொட்டறியாத பரம்பரை. ஆனாலும் கொம்பையாவின் கை டப்பாவுக்குப் போனது. ஒரு மாத்திரையை எடுத்து சமாதானபுரம் மருந்துக் கடையில் காட்டி, என்ன விலை என்று கேட்டுவிட வேண்டியதுதான். அப்புறம் இருக்கிறது மகளுக்கு.

எழுத்து ஏதும் இருக்கிறதா என்று மாத்திரையைக் கண்ணருகே கொண்டுபோனார். ஒன்றும் இல்லை. ஆனால் வாசனை அடித்தது. சந்தேகத்தோடு நாக்கு நுனியில் வைத்தார். ஜில்லென்று இனித்தது.

பெட்டிக்கடையில் விற்கிற சூட மிட்டாய்.

டப்பாவை முகர்ந்து பார்த்தார். எல்லா அறையிலும் அதேதான்.

இதுக்காகவா இந்த மனுசன் முருங்கைக்கீரையை விட்டாரு! செருப்புச் சத்தம் கேட்டதும் டப்பாவை இருந்த இடத்தில் வைத்தார். உள்ளே வந்த பாபநாசத்திடம், மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பையச் சொன்னார்:

"சம்பந்தி, நீரு மட்டும் இந்த மருந்தை நிப்பாட்டிராதேயும்வே. நீரு விட்டா, நானும் விட்டுருவேன்."