சைக்கிளில் பேசும் அந்துவான்

புதுச்சேரியில் வாடகை சைக்கிள் எடுத்தால், அதில் பொருத்திய கருவியிலிருந்து உள்ளூர்க்காரர் ஒருவரின் குரல் வழித்துணையாக வரும். கேட்டதற்கெல்லாம் அந்தக் கருவியே அவரைப் போல யோசித்துப் பதில் சொல்லும். சுவர்களில் ஓவியம் வரையும் அந்துவானின் குரலுக்குத்தான் கிராக்கி அதிகம். "உங்க வீட்டுக்காரர் என்னமா பேசுறாரு!" என்று வெளியூர்ப் பெண்கள் வீடு தேடி வந்து சொன்னபோது, அவர் மனைவி ஜெசிந்தாவுக்கு வயிறு எரிந்தது. வீட்டில் உப்புக் குறைந்தால்தான் அந்த மனுஷன் வாயைத் திறப்பார்.

ஒரு ஞாயிறு காலை அவளே போய் ஒரு சைக்கிள் எடுத்தாள். பொய்ப் பெயர் கொடுத்து, கணவனின் குரலைத் தேர்ந்தெடுத்தாள்.

"எடுத்ததும் கடற்கரைக்குப் போகாதீங்க, ஒரே கூட்டம். இந்தச் சந்துல திரும்புங்க. மஞ்சள் சுவர்ல ஒரு மீன் இருக்கு பாருங்க, நான் வரைஞ்சது. இந்த வெயில்ல அது நீந்துற மாதிரியே இருக்கும்."

அவள் அதைப் பார்த்ததே இல்லை.

"மூச்சு வாங்குதே, கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாமா?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதில்லை. அவள் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, ஒரு வாசற்படியில் உட்கார்ந்து கேட்டாள்.

"இங்கெல்லாம் உங்க மனைவியைக் கூட்டிட்டு வருவீங்களா?"

"இல்லீங்க. அவளுக்கு ஆசை இருக்கான்னு நான் கேட்டதே இல்ல."

வீடு திரும்பியபோது அந்துவான் போனைப் பார்த்தபடியே, "எங்க போன?" என்றார்.

"ஊர் சுத்திப் பார்க்க. ஒருத்தர் கூட வந்தார். ரொம்ப அன்பா பேசினார். அடுத்த ஞாயிறும் போகப் போறேன்."

"யாரு அவன்?" அந்துவான் எழுந்தே நின்றுவிட்டார்.